முந்நூறு பேருக்கு உடன் வந்த ஒரு கைபேசி எண்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கண் மருத்துவமனையிலிருந்து நித்யா என்பவர் போன் செய்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். பழைய மென்பொருளில் உள்ள விவரங்களை எல்லாம் புதியதற்கு மாற்றும் வேலை நடக்கிறது.

"சார், பேஷண்டுக்குக் கூட வர்றவங்க டேபிள்ல ஒரே போன் நம்பர் முந்நூத்திச் சொச்சம் பேருக்கு இருக்கு. டெஸ்ட் டேட்டாவா, இல்ல டூப்ளிகேட்டான்னு தெரியல. எடுத்துடவா?"

"நம்பரப் படிங்கம்மா."

படித்தார். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முழுதாகப் படிக்கட்டும் என்று விட்டேன்.

"நீங்க இப்பக் கூப்புட்டுருக்கிற நம்பர்தாம்மா அது" என்றேன்.

"அப்ப ஏன் சார் இம்புட்டுப் பேருக்கு? ஒரு பாரா எழுதிக் குடுங்களேன், ஃபைல்ல வச்சுக்கிறேன்" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். வீட்டில் பேச ஆளில்லாதவன் பேனாவை எடுத்தால் ஒரு பாராவோடு நிற்பானா? நித்யா மன்னிக்க வேண்டும்.

நான் படித்தது பி.காம். திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். அங்கே பத்துப் பேருக்கு இரண்டு கம்ப்யூட்டர். பாதி நாள் அடுத்தவன் முதுகைப் பார்த்தே படித்தது. அதை நம்பி மருத்துவமனையில் வேலை கொடுத்தார்கள். முதல் சில வருடங்கள் நோட்டுகளில் இருந்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பிறகு, ஏற்றியதை வெளியே எடுத்துத் தருவதே என் வேலை ஆனது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஏசி இருந்ததால் எல்லோருக்கும் பொறாமை. ஆனால் ஒரு நாளைக்கு நாலு பேர்கூட என்னோடு பேச மாட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

என் மேலதிகாரி ஆரோக்கியமேரி மேடம். கிராமங்களில் நடக்கும் கண் முகாம்கள் எல்லாம் அவர் பொறுப்பு. முகாமில் டாக்டர்கள் கண்ணைப் பார்த்து, யாருக்குப் புரை ஆபரேஷன் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பார்கள். குறித்த நாளில் பஸ் அனுப்பி அவர்களை மருத்துவமனைக்கு அழைத்து வருவோம். பஸ்ஸில் நோயாளிகள் மட்டும்தான் வரலாம். ஆபரேஷன் முடிந்த மறுநாள் வீட்டு ஆட்கள் வந்து கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸுக்கான பட்டியலைத் தர வேண்டியவன் நான்.

மேடம் பட்டியலை உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு பெயரையும் தொட்டு, வாய்விட்டுப் படிப்பார். வெறும் தாள்தானே என்று நினைக்க மாட்டார். அந்த ஆளே எதிரில் நிற்பதுபோலக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். ஒரே பெயர் இரண்டாம் தடவை வந்தால் கத்த மாட்டார். பென்சிலைத் திருப்பிச் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். "இவருக்கு எத்தன ஒடம்பு, பாண்டி?" என்பார். என் முழுப்பெயர் பாண்டியராஜன். அவர் அப்படிக் கேட்கும்போது ரத்தம் காதுக்கு ஏறும். திட்டினாலாவது திருப்பி ஏதாவது சொல்லலாம்.

ஒரே ஆள் ஏன் இரண்டு தடவை வருகிறார் என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளிகள் ஒரு அட்டவணை. அதில் ஆளுக்கு ஒரு வரி. உடன் வருபவர்கள் இன்னொரு அட்டவணை. ஒருவருக்கு மகன், மகள், மருமகன் என்று மூன்று பேர் வந்திருந்தால் அதில் மூன்று வரி. இரண்டையும் நோயாளி எண்ணை வைத்து இணைத்தால், கம்ப்யூட்டர் அந்த மூன்று பேருக்கும் எதிரே அப்பாவை ஒவ்வொரு தடவை எழுதும். நாற்பத்திரண்டு நோயாளிகள் எழுபது வரியாகி வந்து நிற்பார்கள். கம்ப்யூட்டர் தப்புச் செய்யவில்லை. நாம் கேட்டதைத்தான் கொடுத்தது.

முதலில் நான் பிடித்துக்கொண்டது டிஸ்டிங்க்ட் என்ற ஒற்றைச் சொல். அதைச் சேர்த்தால், அச்சாக ஒரே மாதிரி இருக்கும் வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கம்ப்யூட்டர் விட்டுவிடும். பெயரும் ஊரும் மட்டும் பட்டியலில் இருந்தவரை அது வேலை செய்தது. எழுபது வரி நாற்பத்திரண்டாகச் சுருங்கியது. மேடம் வட்டம் போடுவதை நிறுத்தினார். மந்திரம் கற்றுக்கொண்டவன்போல நடந்தேன்.

பிறகு ஒரு நாள் அவர், "உடன் வர்றவங்க போன் நம்பரும் லிஸ்ட்ல இருக்கட்டும் பாண்டி. ஆபரேஷன் முடிஞ்சதும் வீட்டுக்குச் சொல்லணும்ல?" என்றார். அந்த எண்களுக்கென்று பட்டியலில் செங்குத்தாக ஒரு பத்தியைச் சேர்த்ததும் மந்திரம் செத்துவிட்டது. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று எண். ஆகவே மூன்று வரியும் வேறு வேறு. பழையபடி எழுபது.

இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். முகாம் படிவத்தில் உடன் வருபவர் பெயருக்குப் பக்கத்தில் 'முக்கியமானவர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அதில் டிக் போடுவார்கள். டிக் உள்ளவரை மட்டும் இணைத்தால் ஆளுக்கு ஒரு வரிதானே? அப்படியே செய்தேன். போன் எண்ணுக்குத் தாளில் இடம் வேண்டுமே என்று நோயாளி எண் இருந்த பத்தியைத் தூக்கினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை மட்டும் வைத்துக்கொண்டேன்: இணைக்கும் முன் எத்தனை, இணைத்த பின் எத்தனை.

சாணார்பட்டிப் பக்கத்து முகாமுக்கு அன்று போட்ட பட்டியலில் முன்னால் நாற்பத்திரண்டு, பின்னால் நாற்பத்திரண்டு. மேடம் நின்றபடி படித்தார். சின்னையா என்ற பெயர் ஒரே ஊரில் இரண்டு தடவை வந்தது. பென்சில் நின்றது. "போன் நம்பர் வேற வேற மேடம். ஒரே ஊருல ரெண்டு சின்னையா இருக்க மாட்டாங்களா?" என்றேன். அந்தப் பக்கம் தெருவுக்கு ஒரு சின்னையா உண்டு. எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதே என்று நாற்பத்திரண்டைக் காட்டினேன். அவர் வட்டம் போடவில்லை. அந்தப் பென்சில் நின்ற இடத்தை இன்றும் என்னால் காட்ட முடியும்.

பஸ் போய் வந்தது. நாற்பத்தொரு பேர் வந்தார்கள். இரண்டாவது சின்னையாவுக்கு எதிரே 'வரவில்லை' என்று முகாம் ஊழியர் கண்ணன் எழுதியிருந்தார். பயந்துகொண்டு வராமல் போகிறவர்கள் எல்லா முகாமிலும் உண்டு. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து மேடம் என்னை வெளிநோயாளிகள் பகுதிக்குக் கூப்பிட்டார். பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். பெயர் பெருமாயி. இடது கண் பல வருடங்களுக்கு முன்பே முள் குத்திப் போனது. இருந்த ஒரே கண், அந்த வலது கண், மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தது. வலியில் தலையைச் சுவரில் சாய்த்திருந்தார். கையில் எங்கள் முகாம் அட்டை. ஆபரேஷனுக்குத் தேர்வானதற்கான முத்திரை அதில் தெளிவாக இருந்தது.

"இவங்க அன்னைக்கு லிஸ்ட்ல இருந்தாங்களா, பாண்டி?"

அறைக்கு ஓடினேன். நோயாளிகள் அட்டவணையில் பெருமாயி இருந்தார். பட்டியலில் இல்லை. நோயாளிகளில் உண்டு, பட்டியலில் இல்லை என்பவர்களை மட்டும் காட்டு என்று கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் கிடந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கே நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். முகாமில் கண்ணன் கேட்டிருக்கிறார்: "கூட யாரு வருவா ஆத்தா?" பெருமாயி, "யாருமில்லப்பா" என்று சொல்லியிருக்கிறார். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. ஆகவே உடன் வருபவர் அட்டவணையில் அவருக்கு வரியே இல்லை. நான் போட்ட இணைப்பு இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் வரி கொடுக்கும். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால், இந்தப் பக்கம் நிற்கிற ஆளையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

அப்படியானால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது? அதற்குக் காரணம் சின்னையாவின் மகன்கள். கிணற்றுப் பங்கில் தகராறாகி அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அப்பாவுக்குத் துணையாக இரண்டு பேரும் தனித்தனியாக முகாமுக்கு வந்திருக்கிறார்கள்! "எங்கப்பன நாந்தான் பாக்குறேன், எனக்கு டிக்குப் போடு" என்று அண்ணன். "அவன் என்னத்தப் பாத்தான்? எனக்குப் போடு" என்று தம்பி. ஊரே கூடி நின்று பார்க்க, ஆளை விட்டால் போதும் என்று கண்ணன் இரண்டு பேருக்கும் டிக் போட்டுவிட்டார். இரண்டு டிக், இரண்டு வரி, இரண்டு சின்னையா. அங்கே ஒன்று கூடியது, இங்கே ஒன்று குறைந்தது. நாற்பத்திரண்டு அப்படியே இருந்தது. நோயாளி எண்ணை நான் தூக்காமல் விட்டிருந்தால் இரண்டு சின்னையாவும் ஒரே ஆள் என்பது மேடத்தின் பென்சிலுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

அன்றே ஆபரேஷன் செய்தார்கள். ஆனால் புரை முற்றிக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். வெளிச்சம் தெரியும், கை அசைவது தெரியும், அவ்வளவுதான். பெருமாயி மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு எடுக்கிறவர். மொட்டு எது, விரிந்த பூ எது என்று இனி அந்தக் கண்ணால் பிரிக்க முடியாது.

மேடம் என் அறைக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். "லிஸ்டப் படிச்சது நானு. எனக்கும் பங்கு இருக்கு, நான் போய்ச் சொல்லிட்டேன். நீயும் போய்ச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். வார்டு வாசல்வரை கூட வந்து, வெளியிலேயே நின்றுகொண்டார்.

கட்டில் ஓரத்தில் நின்று சொன்னேன். கம்ப்யூட்டர், அட்டவணை என்று ஏதேதோ ஆரம்பித்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "ஒங்க பேர விட்டது நாந்தான்மா" என்றேன்.

அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அன்னைக்கு நான் பஸ்ஸடியிலதான்யா நின்னேன். பையில மாத்துச் சேலகூட வச்சிருந்தேன். பேரு இல்ல, அடுத்த தடவ போன் பண்ணுவோம்னாரு அந்தத் தம்பி. எங்கிட்ட ஏது போனு? யாரோ சின்னையாவாம், இன்னும் வரலன்னு வண்டிய நிப்பாட்டி வச்சிருந்தாக. நானும் செத்த நேரம் நின்னேன்."

பிறகு, கோபமே இல்லாமல், "ஒரு சீட்டு காலியாத்தான் போச்சு. மங்கலாத் தெரிஞ்சாலும் காலிச் சீட்டு தெரியாதா?" என்றார்.

பிறக்காத ஒரு சின்னையாவுக்காகப் பத்து நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைத்தவன் நான். கண்ணன் என்ன செய்வார்? தாளில் உள்ளதைத்தானே பார்ப்பார். அந்தத் தாள் என்னுடையது. அழுதேன். கட்டுப் போட்ட கண்ணோடு அவருக்கு அது தெரிந்திருக்காது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இணைப்பை மாற்றி எழுதினேன். உடன் வருபவர்களை முதலில் ஆளுக்கு ஒருவராகச் சுருக்கிக்கொள்வது. எத்தனை டிக் இருந்தாலும் முதலில் பதிந்தவர் ஒருவர்தான். பிறகு நோயாளிகளை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின். வலப்பக்கம் யாரும் இல்லாவிட்டாலும் இடப்பக்கத்து ஆள் போகமாட்டார். அந்த இடம் மட்டும் வெறுமையாக வரும். கடைசியில் வரிகளை எண்ணாமல் ஆட்களை, அதாவது வேறுவேறான நோயாளி எண்களை எண்ணுவது. விடுபட்டவர் யார் என்று பெயர் சொல்லிக் கேட்பது. நோயாளி எண் மறுபடி தாளில் ஏறியது. இரண்டு தடவை வருகிறவர் எப்படியும் யார் கண்ணிலாவது பட்டுவிடுவார். வராதவர் எப்படிப் படுவார்? நித்யா, ஃபைலில் வைக்க வேண்டிய பகுதி இவ்வளவுதான்.

மேடத்திடம் காட்டினேன். ரப்பர் முனையால் அந்த வெறுமையான கட்டங்களைத் தொட்டார்.

"வரி வந்துருச்சு பாண்டி. மறுநாள் கண்ணுல கட்டோட இவங்க யாரு கூட வீட்டுக்குப் போவாங்க?"

நான் அதை யோசிக்கவில்லை.

"காலியா இருக்கிற எடத்துல எல்லாம் ஒன்னோட நம்பரப் போடு."

தண்டனையா, வேலையா என்று நான் கேட்கவில்லை. பெருமாயியோடு அடுத்த முகாம்களில் இருந்த நாலு பேரையும் சேர்த்து அன்று ஐந்து பேருக்குப் போட்டேன். முதல் வரி பெருமாயிக்கு. முகாமில் யாருமில்லை என்று சொல்கிற எவருக்கும் அதன்பிறகு என் எண்தான். கம்ப்யூட்டரே தானாகப் போட்டுக்கொள்ளும்படி எழுதி வைத்தேன். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த முந்நூத்திச் சொச்சம்.

எண்ணைப் போட்டால் ஆளும் போக வேண்டுமே. போனேன். பழனி பஸ்ஸில் ஏறிப் பாலசமுத்திரம் வரைக்கும் ஆட்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக் காவல்காரர் ஒருவர், வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், தோப்பு வாசலில் நின்று, "ஏனுங்க, நீங்க எனக்கு என்ன முறையாகணுமுங்க?" என்று கேட்டார். "கூட வர்றவருங்க" என்றேன். "அது சரிங்க" என்று ஒத்துக்கொண்டார். மடி நிறையக் கொய்யாப்பழம் கொடுத்தார்.

பெருமாயியை மாதம் ஒரு தடவை மருத்துவமனைக்குக் கூட்டி வருவேன். தோட்டத்து வேலை போய்விட்டது. தடவித் தடவிப் பூக்கட்டப் பழகிக்கொண்டார். ஒரு நாள் பஸ்ஸில், "ஒனக்கு யாருய்யா இருக்கா?" என்றார். "சம்சாரம் இருக்கா. புள்ள இல்ல" என்றேன். "அன்னைக்கு வார்டுல நீ அழுதத அவகிட்டச் சொன்னியா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி செல்வியிடம் நான் சொல்லவே இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுத்த முறை பெருமாயிக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

நாலைந்து வருடம் அப்படிப் போயிற்று. ஒரு மாதம் சொட்டு மருந்து கொண்டு போனபோது வீடு பூட்டியிருந்தது. "கெழவி போயிப் பதினாறு நாளாச்சே, ஒங்களுக்குச் சொல்லலியா?" என்றார்கள் பக்கத்து வீட்டில். என் எண் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அந்த ஊரில் யாரிடமும் இல்லை. மருந்தைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

ஆரோக்கியமேரி மேடமும் இப்போது இல்லை. நான் ஓய்வுபெற்ற அடுத்த வருடம் செல்வி போய்ச் சேர்ந்தாள். மூன்று வருடமாக வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். போன் அடித்தால் பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். பேச்சுத்துணைக்காக அவர்களிடம்கூடக் கொஞ்சம் பேசிவிட்டு வைக்கிறேன். தனியாக இருப்பது பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

போன மாதத்திலிருந்து வலது கண்ணில் பனி விழுந்ததுபோல இருக்கிறது. புரைதான். பழைய மருத்துவமனைக்கே போய், எல்லோரையும்போல வரிசையில் நின்று பதிந்தேன். கவுண்டரில் இருந்தவர் புதியவர்; என்னைத் தெரியாது. "கூட யாரு வருவாங்க?" என்றார். "யாருமில்ல" என்றேன். சத்தமாகச் சொல்லும்போதுதான் அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. அவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

மறுநாள் நித்யா மறுபடி போன் செய்தார்.

"சார், உங்க ரெக்கார்டுல ஏதோ தப்பா இணைஞ்சிருக்கு. நீங்கதான் பேஷண்ட். கூட வர்றவர் நம்பரும் உங்க நம்பராவே வந்திருக்கு."

"தப்பில்லம்மா. நான் எழுதினது. அப்படித்தான் வரும்."

"அப்ப எடுக்க வேணாமா சார்?"

"ஆபரேஷன் முடியிற வரைக்கும் இருக்கட்டும்."

ஆபரேஷன் அன்று பட்டியலில் என் பெயர் ஒரே ஒரு தடவை இருந்தது. விடுபடவும் இல்லை, இரட்டிக்கவும் இல்லை. மறுநாள் கட்டைப் பிரித்து, சொட்டு மருந்து விவரம் சொல்வதற்காக எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் ஒருவர் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தார். "பாண்டியராஜன்!" என்றார். கையைத் தூக்கினேன். "இவரு கூட வந்தவரு யாருங்க?" என்று சுற்றிலும் பார்த்தார்.

அதற்கும் நான்தான் கையைத் தூக்கினேன்.